பண்ணை நோட்டில் பொய் இல்லை

மண்புழுவுக்குச் சத்தம் ஆகாது சார். நிறையப் பேருக்கு இது தெரியாது. டிராக்டர் ஒரு தடவை வரிசைக்குள் போய்விட்டு வந்தால் புழுவெல்லாம் இரண்டு முழம் கீழே இறங்கிவிடும். சமாதானமாகி மேலே வர நாலு நாள் பிடிக்கும். அதனால்தான் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் மட்டும். நீங்கள் நேற்று ஜீப்பைக் கொடிக் கம்பி வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தீர்களே, அது தெரியாமல் செய்தது. நான் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

கேட்டது தம்பியைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும், எனக்கும் நடுவில் விட்டுவிட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. டீ நன்றாக இருந்தது. இன்னொன்று வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

நாங்கள் இரண்டே பேர். நான் மூத்தவள், அவன் என்னைவிட ஆறு வயது சின்னவன். அப்பா விட்டுப்போனது ஒரு சரிவு நிலம், ஐம்பத்து நாலு வரிசைக் கொடி, அடிவாரத்தில் ஒயின் செய்கிற கொட்டகை. கொடி என் பொறுப்பு, தொட்டி அவன் பொறுப்பு. நான் பழமாக்கிக் கொடுப்பேன், அவன் ஒயினாக்குவான். அவனுடைய மூக்கு இருக்கிறதே, அப்படி ஒரு மூக்கை நான் பார்த்ததில்லை. மூடிய தொட்டியின் பக்கத்தில் நின்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "அக்கா, கிழக்குச் சரிவுப் பழம் இதுல கொஞ்சம் ஜாஸ்தி" என்பான். சரியாக இருக்கும். அவனுக்குக் கல்யாணம் ஆகி டீச்சர் வந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதால் தோட்டத்தில் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான், எனக்கும்தான். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஐம்பத்து நாலு வரிசையை வைத்துக்கொண்டு அதற்கு நேரம் ஏது?

அப்பா காலத்தில் மருந்து என்றால் மருந்து, அப்படி ஒரு மருந்து. துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். ஒரு நாள் கம்பம் நட ஒரு குழி தோண்டினேன். முழங்கால் ஆழம். ஒரு புழு இல்லை, ஒரு வண்டு இல்லை, ஒரு எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. மண் சாம்பலாக உதிர்ந்தது. குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இனி இந்த நிலத்தில் ஒரு சொட்டு விஷம் விழக்கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். தம்பியும் சரி என்றான். அவன் எதற்கும் சரி என்பான், அதுதான் அவனிடம் உள்ள குறை.

இயற்கை முறை என்று நாமே பலகை எழுதி வாசலில் மாட்டிக்கொள்ள முடியாது. சான்றிதழ் வேண்டும். மூன்று வருஷம் தொடர்ந்து ரசாயனம் படாமல் இருக்க வேண்டும். மூன்றாவது அறுவடைக்கு முன்னால் அதிகாரி வந்து இலையும் பழமும் பறித்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். சுத்தம் என்று வந்தால் சான்றிதழ். இல்லையென்றால் மறுபடியும் முதல் வருஷத்திலிருந்து ஆரம்பம். எங்களுக்கு வந்த அதிகாரி அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். இலையைப் பார்ப்பதும் அதால்தான், எங்கள் நோட்டைப் பார்ப்பதும் அதால்தான்.

அந்த நோட்டைத்தான் நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். பண்ணை நோட்டு. தோட்டத்துக்குள்ளும் கொட்டகைக்குள்ளும் என்ன வந்தது, என்ன போனது, யார் என்ன செய்தார், எந்த மிஷின் எவ்வளவு நேரம் ஓடியது, ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை, எல்லாம் அன்றன்றைக்கே பேனாவில் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. அதில் ஒரு பொய் இருந்தால், பழம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சான்றிதழ் ரத்து. பூதக்கண்ணாடி முதல் நாளே சொன்ன விஷயம் அது. என் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். இரண்டாவது வருஷத்தில் ஒரு பக்கம் வரும்: 'கத்தரிக்கோல் காணவில்லை. அரை மணி நேரம் தேடியது வீண். காரணம்: கத்தரிக்கோல்மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.' அதையும் எழுதியிருக்கிறேன். தம்பி அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் சிரித்தான்.

முதல் சறுக்கல் அவனால்தான் வந்தது. ஆரம்பித்து எட்டாவது மாதம், வேலியோரத்துப் புல் ஒரே வாரத்தில் மஞ்சளாகிவிட்டது. புல் தானாக அப்படிச் சாகாது. கூப்பிட்டுக் கேட்டேன். தலையில் கைவைத்து, "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்றான். பூதக்கண்ணாடி வந்தார், குனிந்தார், ஒரு பிடி புல்லை உறையில் போட்டுக்கொண்டு போனார். களைக்கொல்லி. அப்புறம்தான் ஒப்புக்கொண்டான். புல் வெட்டச் சோம்பல், ஒரே ஒரு மூடிதான் கலந்தேன் என்றான். அந்த ஒரு மூடியால் எட்டு மாதம் போயிற்று, கணக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது. டீச்சர் எனக்காக அவனை நன்றாகத் திட்டினாள். நான் திட்டவில்லை. மன்னித்துவிட்டேன் என்றுதான் சொன்னேன், அவனும் நம்பினான்.

பூதக்கண்ணாடி எங்களுக்கு வகுப்பு எடுப்பார். அதில் ஒரு பாடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தோட்டத்துக்குள் கேடு வந்தால் உடனே அடிக்கக் கிளம்பாதே என்பார். முதலில் வரவிடாமல் பார்த்துக்கொள். வந்துவிட்டால் குறுக்கே ஒரு தடுப்பு வை. அதையும் தாண்டினால் கையால் பொறுக்கி அப்புறப்படுத்து. எதற்கும் மசியாமல் பக்கத்துக் கொடிக்கும் பரவும் என்று தெரிந்தால் அந்த ஒன்றை வேரோடு எடுத்துவிடு, எடுக்கும்போது மனசு தளராதே. எவ்வளவு நியாயமான பாடம் பாருங்கள். எதிலும் அவசரமில்லை, எதிலும் கோபமில்லை. நான் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

முதலில் தம்பியை அந்த வகுப்புக்கே கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காரவைத்தேன். ஸ்பிரேயர் இருந்த அறைக்குப் பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்புறம், நீ கொட்டகையோடு நின்றுகொள், கொடிப் பக்கம் வராதே என்று பக்குவமாகச் சொல்லிவிட்டேன். அதற்கும் சரி என்றான். மூன்று வருஷமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். தோட்டமும் தேறியது. வரிசைகளுக்கு நடுவே பயறு விதைத்தோம், பூத்தது, தேனீ வந்தது. ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்தால் பதினோரு புழு இருந்தது. ஒவ்வொன்றாக எண்ணி டீச்சரிடம் காட்டினேன். அந்த வருஷம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

மூன்றாவது அறுவடைக்கு ஆறு வாரம் இருக்கும்போது வானம் மூடிக்கொண்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அப்படிப்பட்ட நாளுக்குத்தான் சாம்பல் நோய் காத்துக்கொண்டிருக்கும். இலையிலும் காயிலும் மாவைத் தூவினமாதிரிப் படியும், பிறகு காய் வெடிக்கும். அதற்குக் கந்தகத்தூள் தூவலாம், அதற்கு அனுமதி உண்டு. தூவினேன். ஆனால் அறுவடைக்கு ஒரு மாதம் முன்னால் கந்தகத்தை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒயினில் அழுகின முட்டை வாடை வரும். அதைச் சொன்னதும் தம்பிதான். நிறுத்தினேன். அடிவாரத்து ஆறு வரிசை மட்டும் தேறவில்லை. தினமும் காலையில் போய் நோய் கண்ட இலையைக் கிள்ளிக் கிள்ளி விரல் நகமெல்லாம் கறுத்துப்போயிற்று. அந்த ஆறு வரிசையும் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்படி இருக்கும்போது அந்த ஆறும் தேறியது. பத்தே நாளில் காய் தெளிந்துவிட்டது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், எனக்குச் சந்தேகம் வந்தது. தானாகத் தேறுகிற நோயா அது? இலையைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகச் சொட்டுக் காய்ந்த தடம். விரலால் தேய்த்து மோந்தேன், லேசாகப் புளிப்பு. சில மருந்துத்தூளுக்கு அப்படி ஒரு வாடை உண்டு. மறுநாள் பொழுது விடியும் நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால் போனேன். தம்பி குழாயடியில் உட்கார்ந்து ஒரு நீல ஸ்பிரேயரைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்களுடையது பச்சை, அது பூட்டிய அறையில் இருந்தது. இது புதிதாக வாங்கினது.

"என்னடா பண்றே?" என்றேன்.

"சும்மாக்கா. கழுவிட்டிருக்கேன்" என்றான். சிரித்தான். அவன் சிரித்தால் அப்பா மாதிரியே இருப்பான்.

அதற்குப் பிறகு நான்கு நாள் காலையில் போய்ப் பார்த்தேன். நான்கு நாளும் குழாயடி ஈரமாக இருந்தது. அதை நோட்டில் எழுதினாயா என்று கேட்பீர்கள். எழுதவில்லை. அவன் கழுவியதைத்தான் நான் பார்த்தேன், தெளித்ததைப் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதினால் அதுதான் பொய்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்று வக்கீலும் கேட்டார். கேட்டால் என்ன சொல்லியிருப்பான்? தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணியிருப்பான். ஒரு தடவை கேட்டுப் பார்த்தாயிற்றே. தலையில் வைத்த அந்தக் கையை நான் மறக்கவில்லை சார். புல் போனதுகூடப் பெரிதில்லை, அந்தக் கைதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பூதக்கண்ணாடி வந்தார். ஐம்பத்து நாலு வரிசையில் எங்கே போய் இலை பறித்தார் என்று நினைக்கிறீர்கள்? அடிவாரத்து ஆறில்தான். பையில் போட்டுக் கட்டி, பேர் எழுதி, ஐந்து வாரத்தில் பதில் வரும் என்றார். தம்பி அவருக்கு நாற்காலி போட்டு, கழுவின பழம் கொண்டுவந்து வைத்து, அப்படி ஒரு உபசாரம். அவர் போனதும் என் தோளைத் தட்டி, "கவலப்படாதக்கா, சுத்தமாத்தான் வரும். எழுதி வச்சுக்கோ" என்றான். செய்வதையும் செய்துவிட்டு என்ன தைரியம் என்று நினைத்தேன்.

அன்றைக்கு நான் எதையும் முடிவு பண்ணவில்லை. நான் அவசரக்காரி இல்லை. அறுவடை வரைக்கும் யோசித்தேன், பழம் பறித்துக்கொண்டே யோசித்தேன். இந்த வருஷம் போய்விட்டது, அது நிச்சயம். போகட்டும், இன்னொரு மூன்று வருஷம் உழைக்க எனக்குத் தெம்பிருக்கிறது. எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்றில் சான்றிதழ் வாங்கினால் கெட்டுப்போய்விடாது. ஆனால் அந்த மூன்று வருஷத்திலும் இவன் இருப்பான். பூட்டினால் புதிது வாங்குவான். விரட்டினால் விடியும் நேரத்தில் வருவான். கேட்டால் சிரிப்பான். கேடு என்று சொன்னால் அதற்கு மனம் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை, நோய் கண்ட கொடியும் நம் கையால் நட்ட கொடிதான். பாடத்தில் முதல் மூன்றும் ஆகிவிட்டது. நான்காவது மட்டும் பாக்கி இருந்தது. இந்த முடிவுக்கு வந்ததும் எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசி எடுத்தது.

இப்போது தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்புத் திராட்சையைத் தோலோடு நசுக்கித் தொட்டியில் விட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் பொங்கி நுரைத்து ஒயினாகும். ஒயினை அடிக்குழாய் வழியாக இன்னொரு தொட்டிக்கு மாற்றிவிடுவோம். அடியில் சக்கை நிற்கும். மேல்வாயில் ஏணி இறக்கி, ஒரு ஆள் உள்ளே போய் அதை அள்ள வேண்டும். சக்கையிலிருந்து கரியமிலவாயு வந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கனமானது, அடியில் தேங்கி நிற்கும். இரண்டு மூச்சு இழுத்தால் போதும், ஆள் விழுந்துவிடுவான். அதற்காக எங்கள் கொட்டகையில் அப்பா காலத்திலிருந்து ஒரு ஒழுங்கு உண்டு. தனியாக யாரும் இறங்கக் கூடாது. மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே இருப்பவர் காற்றடிக்கும் ப்ளோயரை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் பேசுவது காதில் விழாது. பிறகு இறங்குகிறவரின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கப்பியில் மாட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே பதில் நின்றால் அந்த நிமிஷமே இழுக்க வேண்டும். எத்தனையோ வருஷமாக மேலே நான், கீழே அவன். ஒரு நாள்கூட ஒரு தவறு நடந்ததில்லை.

அன்றைக்குக் காலை ஒன்பதரை மணி. நல்ல வெயில். கூலியாட்கள் சரிவின் மேல் பக்கம் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி சாப்பிட்டுவிட்டு வந்தான், ரப்பர் பூட்ஸை மாட்டினான், ஒரு காலில் மாட்டும்போது தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"ப்ளோயர் போட்டியாக்கா?"

"போட்டாச்சு."

"அரை மணி நேரம்?"

"அரை மணி நேரம்."

நான் சொன்ன பொய் இது ஒன்றுதான் சார். அதுவும் வாயால் சொன்னது.

கயிற்றை நானே கட்டினேன், நன்றாக இறுக்கித்தான் கட்டினேன். ஏணியில் இறங்கிக்கொண்டே, "ரிசல்ட் வரட்டும்க்கா, உங்கிட்ட ஒரு சமாச்சாரம் இருக்கு" என்றான். இப்போதே சொல் என்றேன். "ம்ஹூம். அப்பதான்" என்றான். அப்புறம் வழக்கம்போல, "இருக்கியாக்கா?" என்றான். இருக்கேன் என்றேன். மண்வெட்டி சக்கையில் இறங்கும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை. "அக்கா" என்றான். சாதாரணமாகத்தான் கூப்பிட்டான், ஏதோ எடுத்துக் கொடு என்று கேட்பதுபோல. நான் "இருக்கேன்டா" என்றேன். இருந்தேனே, எங்கே போனேன்? கயிறு ஒரு தரம் இழுபட்டது. பிறகு தொய்ந்தது. நான் கையை எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

வக்கீலுக்கு இது புரியவில்லை, உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். நான் எதுவும் செய்யவில்லை. இயற்கை முறை என்பதே பெரும்பாலும் செய்யாமல் இருப்பதுதான். மருந்து அடிக்காமல் இருப்பது, ஆழ உழாமல் இருப்பது, கை பரபரக்கும்போது கட்டிக்கொண்டு நிற்பது. செய்கிறதைவிட அது கஷ்டம். மூன்று வருஷம் பழகியிருக்காவிட்டால் என்னால் முடிந்திருக்காது. அந்தக் காற்றும் எங்கிருந்தும் வாங்கி வந்ததில்லை, எங்கள் பழத்திலிருந்து தானாக வந்தது.

உடனே ஆட்களைக் கூப்பிடவில்லை. அப்பாவி ஆட்கள், பதற்றத்தில் ஒருவர் பின்னால் ஒருவராக உள்ளே குதித்துவிடுவார்கள். பல கொட்டகைகளில் அப்படித்தான் நாலைந்து பேர் சேர்ந்து போகிறார்கள். அதனால் முதலில் ப்ளோயரை முழுசாக அரை மணி நேரம் ஓட்டினேன். பிறகுதான் சத்தம் போட்டேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் கறார். தூக்கினார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், டாக்டர் விபத்து என்று எழுதிக்கொடுத்தார். டீச்சர் என் மடியில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன், நடிக்கவில்லை. கூடப் பிறந்தவன் இல்லையா. ஒயினை முதல் நாளே வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டபடியால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் நோட்டை எடுத்து எழுதினேன். எழுதாமல் எப்படித் தூங்குவது? 'தொட்டி எண் இரண்டு, சக்கை அள்ளுதல். இறங்கியது தம்பி, மேலே நான். ப்ளோயர்: இறங்குமுன் ஓடவில்லை. காரணம்: போடவில்லை. இறங்கிய பின் அரை மணி நேரம். சக்கை: மறுநாள் உரக்குழிக்கு.' அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. மறுபடி முதல் வருஷம் என்று தயாராகத்தான் இருந்தேன். புது நோட்டுகூட வாங்கி அட்டை போட்டு வைத்திருந்தேன். உறையைப் பிரித்தால் நூற்றுச் சொச்சம் மருந்தின் பெயர் வரிசையாக இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'கண்டறியப்படவில்லை', 'கண்டறியப்படவில்லை'. கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தேன். சார், அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சமையலறைக்கு ஓடி டீச்சரைக் கட்டிப் பிடித்துச் சுற்றினேன். தம்பி தெளித்தது சீக்கிரம் கரைகிற ஜாதி மருந்துபோல, தப்பித்தோம் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவன் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"அவரு சொல்லிட்டேதான் அண்ணி இருந்தாரு, சுத்தமா வரும்னு. பாலும் தண்ணியும்தானே தெளிச்சாரு" என்றாள்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.

"பால்தான் அண்ணி. ஒரு பங்கு பாலுக்குப் பத்துப் பங்கு தண்ணி. விடியக்காலையில எந்திரிச்சுக் கலக்கிட்டுப் போவாரு. அந்த ஆறு வரிசைக்காக நீங்க நகம் கறுக்கக் கிள்ளிட்டு இருந்தது அவருக்குத் தாங்கல. அக்காகிட்ட சொல்லாத, சான்றிதழ் கையில வரட்டும், நானே சொல்லி அசத்தறேன்னாரு."

பால் தெளித்தால் சாம்பல் நோய் கட்டுப்படும் சார், உண்மைதான். வெயில் படப்படப் பால் வேலை செய்யும், வானமும் அதற்குள் தெளிந்திருந்தது. அதற்கு முழு அனுமதியும் உண்டு, வகுப்பிலேயே சொன்னார்கள். தம்பி ஒரு நாள் சாப்பிடும்போது அதைச் சொன்னான், நான்தான், "ஒயின் கடையை மூடிட்டுத் தயிர்க்கடை வைக்கப் போறியா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தேன். அவனும் சிரித்தான். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

மனசு கஷ்டமாகிவிட்டது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடிவாரத்துக்குப் போய் அந்த ஆறு வரிசையையும் இரண்டு தடவை சுற்றி வந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அனுமதி உள்ள பொருளே ஆனாலும் தெளித்தால் நோட்டில் எழுத வேண்டும். எழுதாமல் தெளிப்பது விதிமீறல். ஒரு வரி எழுதியிருந்தால் நான் படித்திருப்பேன், படித்திருந்தால் ப்ளோயர் ஓடியிருக்கும். தப்பு எங்கே ஆரம்பித்தது என்று நீங்களே பாருங்கள். வீட்டுக்கு வந்து நானே எழுதினேன். பின்தேதி போடக் கூடாது, அதனால் அன்றைய தேதியில்: 'பால், ஒன்றுக்குப் பத்து, அடிவாரம் ஆறு வரிசை, தெளித்தது தம்பி, தகவல் டீச்சர்.'

மறுவாரம் பூதக்கண்ணாடி சான்றிதழோடு வந்தார். கொடுக்குமுன் நோட்டை ஒரு தடவை முழுசாகப் படிக்க வேண்டும் என்பது விதி. படித்தார். அந்தப் பக்கம் வந்ததும் கண்ணாடியை எடுத்துக் கண்ணருகே வைத்துக்கொண்டார். அதே வரியை மறுபடியும் படித்தார்.

"இத அவசரத்துல தப்பா எழுதிட்டீங்களாம்மா?" என்றார். குரலே மாறியிருந்தது.

என் நோட்டில் தப்பா என்று எனக்குச் சுருக்கென்றது. ஒரு எழுத்துத் தப்பில்லை, எழுதியபடிதான் நடந்தது என்றேன். அவர் சான்றிதழை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, வெளியே போய் உங்களுக்குப் போன் பண்ணினார். அவருடைய கடமை அது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வக்கீல் நல்ல மனுஷர், டீச்சர்தான் ஏற்பாடு பண்ணினாள், இன்னும் அவளுக்கு விஷயம் பாதிதான் தெரியும். அவர் சொல்வது சுலபமான வழி. ப்ளோயர் போட மறந்துவிட்டேன், வயதாகிறது, போட்டதாக நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன், நோட்டில் எழுதியது துக்கத்தில் எழுதியது. இதை மட்டும் சொல்லுங்கள், வீட்டுக்குப் போகலாம் என்கிறார். நானும் ஒரு ராத்திரி யோசித்தேன். வீட்டுக்குப் போக யாருக்குத்தான் ஆசை இருக்காது? கொடி கத்தரிக்கும் பருவம் வேறு வருகிறது. ஆனால் பாருங்கள், மறந்துவிட்டேன் என்று இங்கே நான் சொன்னால், 'காரணம்: போடவில்லை' என்று அங்கே எழுதியிருப்பது பொய்யாகிறது. பூதக்கண்ணாடி அதை விடுவாரா? நோட்டில் ஒரு பொய் என்றால் சான்றிதழ் ரத்து. ஐம்பத்து நாலு வரிசையும் மறுபடி பூஜ்யம். டீச்சர் ஒற்றை ஆளாக அதை எப்படித் தாங்குவாள்?

அதனால் நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். மறக்கவில்லை. ப்ளோயரை வேண்டுமென்றே போடவில்லை. போட்டேன் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் கூப்பிட்டது காதில் விழுந்தது, கயிறு கையில் இருந்தது, இழுக்கவில்லை. அவன் மேலே வரக் கூடாது என்றுதான் இழுக்கவில்லை. தேதியும் நேரமும் நோட்டில் இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளலாம். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

டீச்சர் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொட்டகை வாசலில் மாட்டிவிட்டதாகச் சொல்லியனுப்பினாள். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு வாங்கினதைப் பார்க்க அவன் இல்லாமல் போய்விட்டானே, அது ஒன்றுதான் சார் எனக்குக் குறை.